காட்டு வளைவிலிருந்து இருபத்திரண்டு செக்கன்

ஆரபி முப்பத்தோராவது ஆளாக மலையுச்சியிலிருந்து புறப்பட்டாள். புறப்பட்டவள் கீழே வந்து சேரவில்லை.

விழுந்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை, விழுந்தவர்களுக்குப் பனியில் ஒரு குழி இருக்கும், கிழிந்த வலை இருக்கும், கழன்றுபோன ஸ்கிக் கட்டை ஒன்று எங்காவது மரத்தடியில் குத்திட்டு நிற்கும். பாதை தவறிக் காட்டுக்குள் போய்விட்டாள் என்றும் சொல்வதற்கில்லை, பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சிவப்பு வலை கட்டியிருந்தது, அந்த வலையில் ஒரு முடிச்சுக்கூட அசையவில்லை. அந்தப் பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, சுவிஸ் நாட்டின் ஹோகன்மாட் என்ற மலைக்கிராமத்தில், உலகப் பனிச்சறுக்குப் போட்டியின் பெண்களுக்கான மலையிறக்க ஓட்டத்தைப் பார்க்கக் கூடியிருந்த பதினெட்டாயிரம் பேரும் அவள் முதலாவது நேரக்கணிப்புக் கம்பத்தை எல்லாரையும்விட முந்தித் தாண்டியதைப் பெரிய திரையில் பார்த்தார்கள், பிறகு காட்டு வளைவு என்று ஊரார் சொல்லும் இடத்திலிருந்த இரண்டாவது கம்பத்தை, அதுவரை முதலாவதாக நின்ற ஸ்லோவேனியக்காரி லேனாவைவிடக் கால் செக்கன் முந்தித் தாண்டியதையும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு கையில் கொண்டுவந்த மாட்டுமணிகளை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள், ஏனென்றால் காட்டு வளைவிலிருந்து கீழே முடிவுக்கோட்டுக்கு இருபத்திரண்டு செக்கன்தான்.

இருபத்திரண்டு செக்கன் போனது. ஒரு நிமிடம் போனது. ஆட்டிய மணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

தவமலர் அப்போது முடிவுக்கோட்டு வேலியோரம் மகளின் தடித்த மேலங்கியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தொரு வருடங்களுக்கு முன் அகதி முகாமிலிருந்து அவளையும் கணவன் சபாநாயகத்தையும் இந்த மலைக்கு அனுப்பியபோது, ஒரு வருடம் இருந்துவிட்டுச் சூரிச் பக்கம் போய்விடுவது என்றுதான் நினைத்து வந்தார்கள். அவனுக்கு ஹொட்டல் குசினியில் சமையல் வேலையும் அவளுக்கு அதே ஹொட்டலில் துணி தோய்க்கிற வேலையும் கிடைத்தன, பிள்ளை பிறந்தாள், மூன்று வயதில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் செய்வதுபோல் அவளுடைய காலிலும் இரண்டு சிறிய ஸ்கிக் கட்டைகளைப் பாலர் பாடசாலையில் பூட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்கும் போகவில்லை. தவமலர் ஒருநாளும் பனியில் சறுக்கியதில்லை, முடிவுக்கோட்டுக்கு மேலே ஒரு அடி ஏறியதுமில்லை. அன்று காலை வாசலில் வைத்து மகளிடம் அவள் சொன்னதும் எந்தத் தாயும் சொல்வதுதான்: "மெல்லப் போ பிள்ளை."

பின்னாளில் அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து அவள் தலையணையைக் கடித்தாள். மெல்லப் போ என்று சொல்லியிராவிட்டால் பிள்ளை இந்நேரம் வந்திருப்பாளோ?

ஹெலிகொப்டர் வந்தது, நாய்கள் வந்தன, மீட்புக்காரர் தோளோடு தோள் சேர்ந்து உச்சியிலிருந்து அடிவரை நீண்ட கோல்களால் பனியைக் குத்திக்கொண்டு இறங்கினார்கள். ஸ்கிக் கட்டைகளின் இரண்டு கோடுகள் காட்டு வளைவைத் தாண்டிக் கடைசிப் பாய்ச்சல் மேடுவரை தெளிவாக வந்திருந்தன. மேட்டுக்கு அப்பால் கோடு இல்லை. முப்பத்திரண்டாவதாக ஓட வேண்டிய நோர்வேக்காரி உச்சியில் கோல்களை ஊன்றியபடி பொழுதுபடும்வரை நின்றுவிட்டுப் பிறகு அழுதுகொண்டே கம்பிவண்டியில் இறங்கி வந்தாள். நேரக்கணிப்பாளர் ஊர்ஸ், நாற்பது வருடமாக அந்த மலையின் மணிக்கூட்டுக்குப் பொறுப்பாக இருந்த மனிதர், தன் மரக்கூண்டிலிருந்து வெளியே வந்து தவமலரிடம் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நான் மணிக்கூட்டை நிறுத்தவில்லை அம்மா. அவள் இன்னும் ஓடுகிறாள்."

அடுத்த நாள் முற்பகல் பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு, முதல்நாள் அவள் தாண்டிய அதே நேரத்தில், காட்டு வளைவுக் கம்பத்தின் ஒளிக்கதிர் அறுந்தது. வலையோரம் நின்ற மீட்புக்காரர் ஆறு பேர் அவளைப் பார்த்தார்கள்: நீல உடுப்பு, முப்பத்தோராம் இலக்கம், முதுகு தாழ்ந்து, கைகள் முன்னால் நீண்டு. அவள் கிளப்பிய பனித்தூள் ஒருவனின் தாடியில் ஒட்டி உருகியது. மேடுவரை வந்தாள், பிறகு இல்லை. அதற்கு மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

நடுவர் குழுவின் தலைவி மார்கிட் முதல்நாள் பின்னேரமே சட்டப் புத்தகத்தை மூன்று தடவை வாசித்தாள். விழாதவளை, பாதையில் நட்ட கொடிவாயில் ஒன்றையும் தவறவிடாதவளை, தானாகக் கையுயர்த்தி விலகாதவளைப் போட்டியிலிருந்து நீக்குவதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஒருத்தி பாதையில் இருக்கும்போது அடுத்தவளை விடவும் முடியாது. ஆகவே ஓட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்துவிட்டுப் பதினெட்டாயிரம் பேரையும் வீட்டுக்கு அனுப்பினாள். லேனாவின் பெயர் பெரிய திரையில் முதலாவதாக நின்றது, அதற்குக் கீழே ஆரபியின் பெயரும் அதற்குப் பக்கத்தில் ஓடுகிற எண்களும் நின்றன. மணித்தியாலங்களுக்கு அந்தத் திரையில் இடமில்லாதபடியால் ஊர்ஸ் நாட்களைச் சோக்கட்டியால் ஒரு பலகையில் எழுதத் தொடங்கினார்.

ஒரு ஊர் எதற்கும் பழகிவிடும், ஹோகன்மாட் மூன்று கிழமையில் பழகிவிட்டது. பாடசாலையில் பதினொன்று நாற்பதுக்குப் பிள்ளைகளை வரிசையாக ஜன்னலுக்கு விட்டார்கள், நாற்பத்தைந்துக்குத் திரும்பவும் கணக்குப் பாடம் நடந்தது. பாண்கடைக்காரர் இரண்டாவது அடுப்புப் பாணை அவள் கடந்த பிறகுதான் வெளியே எடுத்தார், அப்படி எடுத்த பாண் நன்றாக உப்புகிறது என்று சொன்னார், ஒவ்வொரு நாளும் அதில் ஒன்றைத் துணியில் சுற்றித் தவமலருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிரியார் ஞாயிறு மன்றாட்டில் பிரயாணிகளுக்கும் நோயாளிகளுக்கும் அடுத்ததாக, ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக, என்று ஒரு வரி சேர்த்தார். பனி உருகி மே மாதம் மலை பச்சையானபோதும் அவள் நிற்கவில்லை, புல்லின் மேலே வந்தாள், அவளுடைய கட்டைகளுக்கு அடியில் புல் நசுங்காமல் பனித்தூள் மட்டும் எழும்பியது, வெயிலில் நின்ற பிள்ளைகள் வாயைத் திறந்து நாக்கில் அதை ஏந்தினார்கள். புல் வெட்டுகிறவர்கள் அவளுடைய பாதையை மட்டும் அளந்து விட்டு வெட்டினார்கள். பசுக்கள் பதினொன்று நாற்பதுக்குத் தாமாகவே எழுந்து ஒதுங்கி நின்று, அவள் போன பிறகு திரும்பவும் வந்து படுத்துக்கொண்டன.

தமிழாட்களும் வந்தார்கள். சூரிச்சிலிருந்தும் பேர்னிலிருந்தும் சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, புளிச்சாதமும் வடையும் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் ஏற்றி வைத்து, அந்தா தெரியுது, அந்தா எங்கட பிள்ளை என்று கத்தினார்கள். ஆடி மாதம் சிலர் வேலி வலையில் மஞ்சள் துணி முடிந்தார்கள், ஒருவர் கற்பூரத் தட்டோடு வந்தார். தவமலர் தோய்க்கிற இடத்திலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தாள்.

"என்ர பிள்ளை செத்துப்போகேல்லை," என்று கத்தினாள். "சாமியாக்காதேங்கோ! அவளுக்குப் பத்தொன்பது வயசு. இன்னும் அறையைக் கூட்டத் தெரியாது. அவளையோ கும்பிடுறியள்?"

தட்டோடு வந்தவர் கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டு, தன்னுடைய அக்காவும் இப்படித்தான் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவள் என்று சொல்லி நிலத்தில் குந்தியிருந்து அழுதார். தவமலர் அவருக்குத் தன் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது?

அவளுடைய நாட்கள் அந்த இரண்டு நிமிடங்களைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தன. விடிய ஐந்து மணிக்கு ஹொட்டல் விரிப்புகளை மெஷினில் போடுவாள், பதினொன்றுக்குக் கையைத் துடைத்துவிட்டு மேலங்கியையும் தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு முடிவுக்கோட்டு வாங்கில் போய் இருப்பாள், மேலே காட்டு வளைவில் ஒரு நீலப் புள்ளி தோன்றும், அவள் எழுந்து நின்று வாய்க்குள் எண்ணத் தொடங்குவாள், ஒன்று, இரண்டு, மூன்று, ஏழிலோ எட்டிலோ புள்ளி மேட்டில் ஏறி மறையும், அவள் விடாமல் இருபத்திரண்டுவரை எண்ணுவாள், பிறகு நாற்பதுவரை, பிறகு நூறுவரை, பிறகு தேத்தண்ணியைப் பனியிலோ புல்லிலோ ஊற்றிவிட்டுத் திரும்பிப் போய் விரிப்புகளை மடிப்பாள். இப்படி நூற்றெழுபது தடவை, இருநூறு தடவை. எண்ணி முடிக்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது, அடுத்த நாள் பதினொரு மணிக்கு அதை எப்படியோ தைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

ஓகஸ்ட்டில் ஒருநாள் நொண்டி நொண்டி ஒரு உயரமான பெண் வந்து வாங்கின் மறு நுனியில் உட்கார்ந்தாள். "நான் லேனா," என்று ஜேர்மன் மொழியில் சொன்னாள். "முதலாவதாக நிற்பவள்."

"தெரியும்," என்றாள் தவமலர். திரையில் ஆறு மாதமாகப் பார்த்த பெயர்.

"எனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு முழங்காலும் வெட்டித் தைத்தவை. அதுதான் கடைசி ஓட்டம் என்று முடிவு செய்துதான் ஓடினேன். வென்றால் வென்றேன், தோற்றால் தோற்றேன், ஊருக்குப் போய் அப்பாவின் மர ஆலையைப் பார்ப்பேன் என்று இருந்தேன்." அவள் முழங்காலை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். "எனக்கு இன்னும் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. காலையில் கண் விழித்தால் இந்தக் கோட்டில்தான் நிற்கிறேன், மேலே பார்த்துக்கொண்டு. கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தாலும் மேலேதான் பார்க்கிறேன்."

அந்நேரம் பசுக்கள் எழுந்து ஒதுங்கின. ஆரபி காட்டு வளைவில் தோன்றிச் சரிந்து இறங்கி மேட்டில் மறைந்தாள். லேனா மூச்சை விடாமல் பார்த்தாள்.

"என்னைவிட நன்றாக இறங்குகிறாள்," என்றாள் கடைசியில். "அந்த வளைவை அவ்வளவு தாழ்ந்து எடுக்க எனக்குப் பயம்." எழுந்து நின்றாள். "நீங்கள் கையெழுத்து வைத்தால் முடிந்துவிடும் என்று சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் வந்தேன். இப்போது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை."

கையெழுத்துப் பேச்சு ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கம் கூடிப் பேசிப் புதிதாக ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்திருந்தது: ஒரு வருடத்துக்குள் கோட்டைக் கடக்காத போட்டியாளரின் தாயும் தகப்பனும் சேர்ந்து ஒப்பமிட்டால் அவரை ஓட்டத்திலிருந்து எடுத்துவிடலாம், மணிக்கூட்டை நிறுத்தலாம், பாதையைத் திறக்கலாம். இரண்டு கையெழுத்தும் வேண்டும். சபாநாயகம் தன்னுடையதை வைத்துவிட்டான்.

அது தெரிந்த நாளில் தவமலர் குசினிக்குள் போய் அவன் முன்னால் நின்றாள். அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"எப்பிடி உங்களுக்குக் கை வந்தது?"

"தவம், இஞ்ச பாரும்," என்றான் அவன். "தம்பியைத் தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்குப் போன இடத்தில ஆரோ ஏத்திக்கொண்டு போனவை. அண்டையில இருந்து அம்மா பத்தொன்பது வருசம் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைச்சவ. நான் பசியோட நிண்டாலும் அந்தக் கோப்பையைத் தொட விடமாட்டா. எனக்கு அந்த வீடு தெரியும். அந்த வீட்டில திரும்பவும் இருக்க என்னால ஏலாது."

"அது வேற. இவள் ஒவ்வொரு நாளும் வாறாள்."

"வாறாள். வந்து சேர்றாளே?" கத்தியை வைத்துவிட்டு முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். "நீர் அங்க போய்ப் பாக்கிறீர். நான் ஒருநாளும் பாக்கப் போகேல்லை. பதினொண்டு நாப்பத்து மூண்டுக்கு இந்தக் குழாயைத் திறந்துவிட்டிட்டுக் கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டு நிக்கிறன். சத்தம் கேக்கக் கூடாது எண்டு."

அன்றிலிருந்து அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், கதைக்கவில்லை.

பனி திரும்பவும் விழுந்தது. மார்கழி வந்ததும் மற்ற மலைகளில் கம்பிவண்டிகள் ஓடின, ஹோகன்மாட்டில் ஓடவில்லை, ஒருத்தி பாதையில் இருந்தாள். ஸ்கி பழக்குகிறவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார்கள். ஹொட்டலில் இரண்டு மாடியைப் பூட்டிவிட்டார்கள், தோய்க்க விரிப்புகள் குறைந்தன. முதலில் அதிசயமாக இருந்தது இரண்டாவது பனியில் அடைப்பாக ஆகிவிட்டது. ஒருவரும் தவமலரை ஏசவில்லை, அது அவர்கள் வழக்கமில்லை. ஆனால் பாண்கடைக்காரர் பாண் கொண்டுவருவதை நிறுத்தினார், கடைக்குப் போனால் அவளுக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். பாடசாலை ஜன்னலில் திரை போட்டார்கள். தெருவில் அவள் வந்தால் பேச்சு நின்றது. ஊர்ஸ் மட்டும் கூண்டை விட்டு வந்து, "முந்நூறு நாளுக்கு மேலாக நான் தனியாக அந்த எண்களைப் பார்த்திருக்கிறேன் அம்மா, அது ஒருநாளும் தடுமாறவில்லை," என்பதுபோல் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

வருடம் முடிகிற நாளும் வந்தது. பகல் ஒரு மணிக்கு ஊர் மண்டபத்தில் மார்கிட் கடதாசியோடு காத்திருப்பாள், தாய் வரவில்லை என்றால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

தவமலர் அன்று காலை எட்டு மணிக்கு ஊர்ஸின் கதவைத் தட்டி, காலணியில் பூட்டுகிற இரும்பு முள்ளைக் கேட்டாள்.

"எதற்கு?"

"மேலே போகிறேன். காட்டு வளைவுக்கு."

"அது பனி இல்லை அம்மா, கண்ணாடி. அவள் மணிக்கு நூற்றிருபது கிலோமீற்றரில் வருகிறாள்."

"அவள் கீழே வரமாட்டாள் என்றால் நான் மேலே போய்ப் பிடிக்கிறேன்."

ரோட்டுக்கு ஓடுகிற பிள்ளையைத் தாய் ஓடிப்போய் இடுப்பில் அள்ளுவதில்லையா, அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள், அதற்கு மேல் அவளிடம் திட்டம் ஒன்றும் இல்லை. வலையைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஐம்பத்திரண்டு வயது, தோய்த்துத் தோய்த்து வீங்கிய கைகள், மூன்று மணித்தியாலம் ஏறினாள், இரண்டு தடவை சறுக்கித் தாடையை அடித்துக்கொண்டாள், வாயில் இரத்தம் உப்பாகக் கசிந்தது. காட்டு வளைவில் பாதை ஒரு சுவர்போலச் சரிந்திருந்தது. அவள் பாதையின் நடுவில் போய்க் குதிகால்களை ஊன்றிக் கைகளை அகல விரித்து நின்றாள்.

முதலில் சத்தம்தான் வந்தது, புதுத்துணியை நீளத்துக்குக் கிழிக்கிறதுபோல. பிறகு ஊசிமரங்களுக்கு இடையிலிருந்து நீல உடுப்பு. ஒரு வருடமாகப் புள்ளியாக இருந்தவள் ஒரு மூச்சுக்குள் மகளாகிவிட்டாள்: சிவந்த மூக்கு, குளிரில் வெடித்த உதடு, தலைக்கவசத்துக்கு வெளியே தப்பிய ஒரு மயிர்க்கற்றை. முகத்தில் நோவு இல்லை. அவள் வேலையில் இருந்தாள், முழுமையாக, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அந்த வேலைக்குள் இருந்தாள்.

அவள் தாயைக் கண்டாள். வாய் திறந்தது.

"அம்மா! விலத்துங்கோ!"

பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போன காலைகளில் குளியலறை வாசலில் நிற்கிற தாயிடம் கத்துகிற அதே குரல், அதே எரிச்சல். தவமலர் யோசிக்கவில்லை. உடம்பு தானாக விலகியது. வலையில் போய் விழுந்தாள், காற்று அவளை ஒரு அடி அடித்தது, பனித்தூள் கண்ணையும் வாயையும் மூடியது, துடைத்துவிட்டுப் பார்த்தபோது நீல முதுகு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது, பிறகு இல்லை.

வலையில் கிடந்தபடி அவள் வாயிலிருந்த பனியைத் துப்பினாள். விலகாமல் நின்றிருந்தால் பிள்ளையைக் கொன்றிருப்பேன் என்பது முதலில் உறைத்தது. மெல்ல மெல்ல அவள் மூச்சு வந்தது, அப்போதுதான் முதல் தடவையாக மேலிருந்து கீழே பார்த்தாள். இருபத்திரண்டு வருடமும் கீழே நின்று மேலே பார்த்தவள். கடைசி மேட்டுக்கு அப்பால் பாதை நேராக இறங்கியது, இறங்கின இடத்தில் முடிவுக்கோடு, கோட்டுக்கு அடுத்ததாக மஞ்சள் மெத்தை கட்டிய பெரிய சுவர், சுவருக்குப் பின்னால் இரும்பு மேடைகள், திரை, கம்பங்கள், அவளுடைய வாங்கு. ஓடி வருகிறவளுக்கு அங்கே போவதற்கு ஒரு இடமும் இல்லை.

மண்டபத்துக்குள் அவள் நுழைந்தபோது ஒன்றரை மணி. தாடை வீங்கி, தலைமயிரில் பனி உறைந்து, ஒரு காலில் மட்டும் இரும்பு முள்ளோடு நின்றவளைப் பார்த்து ஊர் முழுக்க எழுந்து நின்றது. சபாநாயகம் பின் வரிசையில் குசினி உடுப்போடு நின்றான். மார்கிட் கடதாசியை மேசையில் திருப்பி வைத்தாள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று தவமலர் ஊர்ஸிடம் கேட்டாள்.

ஊர்ஸ் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "முப்பத்தோராம் இலக்கம் முடிவுக்கோட்டைக் கடக்கவில்லை."

"வேறே?"

"வேறே ஒன்றும் இல்லை."

"செத்துப்போனாள் என்று எழுதவில்லையே?"

"இல்லை அம்மா. கடக்கவில்லை என்றுதான்."

"அது உண்மைதான்," என்று சொல்லி அவள் தமிழில் கையெழுத்து வைத்தாள். லேனா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒருவரும் கை தட்டவில்லை.

தவமலர் பேனாவை வைத்துவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். விலத்தச் சொன்னாள், விலத்திவிட்டேன். இனி நீங்கள் விலத்துங்கள். அந்தச் சுவரைக் கழற்றுங்கள். மேடையைக் கழற்றுங்கள். அவளுக்கு முன்னால் ஒன்றும் நிற்கக் கூடாது."

மார்கிட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாண்கடைக்காரர் அதற்குள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தவமலரின் முகத்தைப் பார்க்காமலே, சாவிக்கட்டோடு வெளியே நடந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பசுக்காரர்கள் போனார்கள், பாதிரியார் போனார், ஆசிரியர்கள் போனார்கள். பிற்பகல் முழுவதும் சுத்தியல் சத்தம் கேட்டது. லேனா நொண்டிக்கொண்டே மெத்தைகளை இழுத்தாள். ஊர்ஸ் மணிக்கூட்டின் வயரைப் பிடுங்கினார், பிடுங்கிவிட்டுக் கூண்டுக்குள் நெடுநேரம் தனியே இருந்தார். மறுநாள் காலை முடிவுக்கோடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை நிலம் கிடந்தது, அது தெருவுக்கும், தெருவைத் தாண்டி வயலுக்கும், வயலைத் தாண்டி ரயில் பாதைக்கும், அதற்கப்பால் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் ஒரே இறக்கமாகப் போனது. பஸ்ஸை நிறுத்தினார்கள். ரயிலைக் கீழ் ஊரில் மறித்து வைத்தார்கள். ஊர் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றது.

பதினொன்று நாற்பத்து மூன்று. காட்டு வளைவில் நீலம் தெரிந்தது. தவமலர் எண்ணவில்லை. ஆரபி மேட்டில் ஏறினாள், மேட்டுக்கு மேலே காற்றில் எழும்பினாள், இந்தத் தடவை மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து கால் ஊன்றினாள், ஊர் ஒரே தொண்டையாக மூச்சை இழுத்தது, அவள் நேரே இறங்கினாள், தாயின் தோளுக்கு ஒரு முழத் தூரத்தில் கடந்தாள், தலையைத் திருப்பவில்லை, தெருவைத் தாண்டினாள், வயலில் நீண்ட வெண்தூள் எழுந்தது. மகளே என்று கூப்பிட வாயில் வந்த சொல்லைத் தவமலர் பல்லால் பிடித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து சபாநாயகம் பிய்த்துக்கொண்டு ஓடினான். ஒரு வருடமாக ஒருநாளும் பார்க்க வராத மனிதன், வெள்ளை ஏப்ரனோடு, சமையல் செருப்போடு, தெருவைத் தாண்டி வயலுக்குள் இறங்கி, "பிள்ளை! பிள்ளை! நில்லடி பிள்ளை!" என்று கத்திக்கொண்டு முழங்கால் அளவு பனியில் ஓடினான், விழுந்தான், எழுந்தான், ஒரு செருப்பு கழன்றது, ரயில் பாதை மேட்டடியில் திரும்பவும் விழுந்தான், பிறகு எழவில்லை. தூள் ஆற்றங்கரை மரங்களுக்குள் போய் அடங்கியது. ஹோகன்மாட் ஊரில் அதற்குப் பிறகு ஒருவரும் அவளைக் காணவில்லை.

தவமலர் அவனுடைய கால்தடங்களில் கால் வைத்து வைத்து நடந்து போனாள். செருப்பைக் குனிந்து எடுத்தாள். அவன் பனியில் மல்லாந்து கிடந்தான், நெஞ்சு ஏறி இறங்கியது, கண்களிலிருந்து நீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் முழங்காலிட்டு அவனுடைய நீலம் பாரித்த காலைத் தன் மடியில் எடுத்து வைத்து இரண்டு கையாலும் தேய்த்தாள்.

"தவம்," என்றான் அவன், மூச்சு வாங்க. "என்ன வேகம். எங்கட பிள்ளை என்ன கெதியாப் போறாள், பாத்தனீரே?"

"ஓம்," என்றாள் அவள். "பாத்தனான்."